சாசரை விட்டுவிட்டு ஆங்கில இலக்கியமா?

ஆங்கில இலக்கிய வரலாற்றை ஷேக்ஸ்பியரிலிருந்து படித்தால் போதும், 14-ம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் உட்பட அதற்கு முந்தியதெல்லாம் தேர்வுக்கு மட்டும்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1476-ல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்த காக்ஸ்டன், 1490-ல் எழுதிய ஒரு முன்னுரையில், தேம்ஸ் கரையில் ஒரு வணிகர் முட்டை கேட்ட கதையைச் சொல்கிறார். வணிகர் 'எக்கெஸ்' என்று கேட்க, வீட்டுக்காரம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார், வணிகருக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! அப்புறம் இன்னொருவர் 'ஐரென்' என்றதும்தான் அந்த அம்மாவுக்குப் புரிகிறது. இரண்டுமே முட்டைக்கான ஆங்கிலச் சொற்கள்தான், வட்டாரம்தான் வேறு. எந்த ஆங்கிலத்தில் அச்சடிப்பது என்று காக்ஸ்டன் தவித்த அந்தக் காலத்தைத் தாண்டிப்போனால், 'நைட்' (knight, போர்வீரர்) என்ற சொல்லில் ஒலிக்காத எழுத்துகள் ஏன் நிற்கின்றன என்பதுகூடப் புரியாது. சாசர் காலத்தில் அவை ஒலித்தன; பிறகு ஒலி மறைந்தாலும் அச்சில் எழுத்துகள் நின்றுவிட்டன. சாசரை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், தயவுசெய்து.