ஒரு வருடம் வேலை, அப்புறம் படிப்பு?

பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதி முடித்துவிட்டான். போன வாரம் வேலியோரம் நின்று, "அண்ணே, ஒரு வருடம் வேலை செய்துவிட்டுப் படிக்கப் போகலாமா?" என்று கேட்டான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. அவனுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

போகலாம். நானும் போனேன். 2004இல் ஒரு கையுறைத் தொழிற்சாலை. பீங்கானில் செய்த கை அச்சுகள் வரிசை வரிசையாகச் சங்கிலியில் தொங்கி ஓடிவரும், அவற்றிலிருந்து சூடு ஆறாத கையுறையை உருவிப் போட வேண்டும். விடிய விடிய அதே வேலை. அம்மா விடியற்காலையில் பால் மரம் (ரப்பர் மரம்) சீவக் கிளம்பும்போது நான் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்குவேன். மரத்திலிருந்து வருகிற பாலுக்கு அந்த முனையில் அம்மா, இந்த முனையில் நான் என்று வீட்டில் சிரித்துக்கொள்வோம். அந்த ஒரு வருடத்தில் நேரத்துக்கு எழக் கற்றேன், மேற்பார்வையாளரிடம் மலாயில் நியாயம் பேசக் கற்றேன். அப்புறம் போலிடெக்னிக் வகுப்பில் எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை. ஆகவே வேலைக்குப் போனால் படிப்பு கெட்டுப்போகும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

எனக்குப் பயம் வேறு. மளிகைக் கடையில் எங்கள் வீட்டுக் கடன் ஒரு 555 புத்தகத்தில், அதாவது கடன் எழுதும் சின்னக் குறிப்பேட்டில், இருந்தது. அட்டையில் அப்பா பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம் பழைய புத்தகம் தீர்ந்து, கடைக்காரர் புதிதாக ஒன்றை எடுத்தார். யாரையும் கேட்காமல் அட்டையில் என் பெயரை எழுதினார். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அப்பா சனிக்கிழமை பகுதி நேர வேலையை விட்டதும் அதே மாதம்தான். யாரும் என்னைப் படிக்கப் போகாதே என்று தடுக்கவில்லை. வீடு மெல்ல என் சம்பளத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். போலிடெக்னிக் கடிதம் வந்த அன்று அம்மா தானே கடைக்குப் போய், என் பெயரை அடித்துவிட்டு அப்பா பெயரை எழுதச் சொன்னார். அம்மா அதைச் செய்யாமல் இருந்திருந்தால் நான் கிளம்பியிருப்பேனா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

என்னோடு சேர்ந்த நண்பன் கிளம்பவில்லை. மூன்றாம் மாதமே ஐந்து வருடத் தவணையில் மோட்டார் சைக்கிள் எடுத்தான். தவணை முடிந்தபோது அவனுக்கு வயது 23. கல்யாணப் பேச்சு தொடங்கியிருந்தது. கெட்டிக்காரன், கணக்கில் என்னைவிட எவ்வளவோ மேல்.

தவணை என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறொரு சரித்திரமும் உண்டு. ரப்பர் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டு ஜனங்கள் தோட்டக் குடியிருப்பான லயத்தைவிட்டு வெளியேறிய காலத்தில், இதே ஊரில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாக (ரிங்கிட்) கட்டியே தோட்டங்களை வாங்கினார்கள். அவர்கள் வாங்கியது நிலம். நாம் வாங்குவது இரண்டு சக்கரம். (மோட்டார் வைத்திருக்கும் தம்பிகள் கோபிக்க வேண்டாம், என்னிடமும் ஒன்று இருக்கிறது.)

இன்று நிலைமை கொஞ்சம் மேல்தான். நான் வேலை செய்த காலத்தில் எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்சச் சம்பளமே இல்லை. 2013இல்தான் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று வந்தது. 2025 முதல் அது 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்துக்கு ஊழியர் சேமநிதியில் உன் பங்கு 187 வெள்ளி, முதலாளி பங்கு 221. ஒரு வருடத்தில் ஐயாயிரத்தை நெருங்கிவிடும். அதில் ஒரு சிறு பகுதியைப் பிறகு கல்விக்கு எடுக்கலாம். சேமநிதி பிடிக்காமல் கையில் ரொக்கமாகத் தருகிறேன் என்று சொல்லும் இடத்துக்குப் போகாதே.

இன்னொன்று, கிடைத்த இடத்தை அடுத்த வருடம் வருகிறேன் என்று பெட்டியில் பூட்டி வைக்க முடியாது. பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிகுலேஷன் போன்றவற்றில் அந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதியவர்களைத்தான் பார்ப்பார்கள். ஆகவே விண்ணப்பத்தை இப்போதே போடு. இடம் கிடைத்தால் எதை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம் என்பதாவது தெரியும். கிளம்பும் தேதியை அம்மா முன்னால் நாள்காட்டியில் வட்டம் போட்டு வை. வீட்டுக்குக் கொடுக்கும் தொகையை முதல் மாதமே பேசி முடித்துவிடு. முழுச் சம்பளத்தையும் நீட்டிவிட்டுப் பிறகு பிடுங்கினால் வீட்டில் யாருக்கும் அது பிடிக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "மோட்டார் பார்த்துவிட்டாயா?"

காலால் மண்ணைக் கிளறினான். "முன்பணம் 300 மட்டும் கட்டியிருக்கிறேன் அண்ணே."

இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம். நாளை சாயங்காலம் அந்தக் கடைக்கு அவனோடு நானும் போகிறேன், முன்பணத்தைத் திருப்பிக் கேட்க.