நடவு நாள் குறைந்தால் ஓட்டு எங்கே போகும்?
இலவசத்தைப் பார்த்துத்தான் கூலிக்காரர்கள் ஓட்டை மாற்றிப் போடுகிறார்கள் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். இங்கே கணக்கு வேறு.

என் பெரியம்மா நாற்பது வருஷமாக நடவுக்குப் போகிறவர். முன்பெல்லாம் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துவிட்டால் இடுப்பு நிமிர நேரம் இருக்காது. இப்போது பாதி வயலில் நேரடி விதைப்பு, மீதியில் நடவு மிஷின். அறுப்புக்கும் மிஷின்தான். "கால்ல சேறு ஒட்டி எத்தனை நாளாச்சு" என்கிறார். மிச்சம் இருந்தது நூறு நாள் வேலை. 2024 கடைசியில் செய்த வேலைக்குக் கூலி பாஸ்புக்கில் ஏற மாசக்கணக்கில் ஆனது. மத்திய அரசா மாநில அரசா என்று டிவியில் சண்டை. பெரியம்மா மளிகைக் கடையில் கடன் சொன்னார்.

கோபம் ஓட்டாக மாறும், சரி. 1967-ல் அரிசித் தட்டுப்பாடும் திமுகவின் 'ரூபாய்க்கு மூன்று படி' அரிசி வாக்குறுதியும் காங்கிரஸை இறக்கியதில் பங்கு வகித்தன. ஆனால் அடுத்த வருஷமே கூலித் தகராறில் கீழ்வெண்மணியில் செங்கொடிச் சங்கத்துக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எங்கள் ஊர் அடங்கிய நாகை நாடாளுமன்றத் தொகுதியில் 2019, 2024 இரண்டிலும் இந்திய கம்யூனிஸ்ட் ஜெயித்ததில் அந்த நினைவுக்கும் இடமுண்டு (கூட்டணி பலம் பெரிது, மறுக்கவில்லை).

கட்டுரை தொடாத ஆள் ஒருத்தன் இருக்கிறான். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பெரியம்மா மகன். போன நாடாளுமன்றத் தேர்தலுக்கு வரவில்லை. பஸ் காசு, போய் வருவதற்குள் போகும் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குப் போட வரணும்?" என்று போனில் கேட்டான். பெரியம்மா பதில் சொல்லவில்லை.