பழைய கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் கிடைக்காதா?

'பசுமைச் சான்றிதழ் புதுக் கட்டடங்களுக்கு மட்டும்தான். பழையதை இடித்துக் கட்டினால்தான் கிடைக்கும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்கு அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் உருவாக்கிய லீட் (LEED) சான்றிதழில், இயங்கிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதில் பார்ப்பது வரைபடத்தை அல்ல. மின்சாரம், தண்ணீர் பயன்பாடு, குப்பை, உள்ளே இருக்கும் காற்றின் தரம் ஆகியவற்றைத்தான். 1931-இல் திறந்த நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 2011-இல் தங்கத் தரம் பெற்றது. இடிக்கவா செய்தார்கள்? 6,514 ஜன்னல்களையும் கழற்றி, அதே கட்டடத்துக்குள் வைத்தே புதுப்பித்து, பெரும்பாலும் பழைய கண்ணாடியையே திரும்ப மாட்டினார்கள்.

சந்தேகமிருந்தால் அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் இணையதளத்தில் கட்டடத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்; பட்டியல் பொதுவில் இருக்கிறது. அந்தத் தகவலை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.