வீட்டிலிருந்து எடுத்தால் அது வகுப்பில்லையா?

போன வாரம் கடலூரில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் பணிக்கான நேர்காணலுக்குப் போயிருந்தேன்; ஆய்வு மாணவியாக இணையவழியில் வகுப்பு எடுத்ததை விண்ணப்பத்தில் அனுபவம் என்று எழுதியிருந்தேன். நடந்ததையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. கல்லூரியின் பெயரும் வேண்டாம். ஆனால், "வீட்டில் உட்கார்ந்து கூகுள் மீட்டில் பேசியதையெல்லாம் அனுபவம் என்று எழுதிக்கொண்டு வந்துவிடுகிறீர்களே அம்மா" என்று நேர்காணல் குழுவில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாரே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆய்வு மாணவர் இணையவழியில் எடுத்த வகுப்பும் வகுப்புதான்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, இணைப்பை உருவாக்குவது எப்படி, திரையைப் பகிர்வது எப்படி என்று மூத்த பேராசிரியர்களுக்கு இரவில் கைபேசியில் சொல்லிக்கொடுத்தவர்கள் எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்கள்தாம். பிறகு, "இந்த ஒரு யூனிட்டை மட்டும் நீயே நடத்திவிடேன்" என்று தொடங்கி, ஒரு தாள், அதாவது ஒரு பாடம், முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. வருகைப்பதிவு எடுத்தேன், இன்டர்னல் மதிப்பெண் போட்டேன். அப்போதெல்லாம் அது வகுப்பாகத்தான் இருந்தது. விண்ணப்பத்தில் எழுதிய பிறகுதான் 'வீட்டில் உட்கார்ந்து பேசியது' ஆகிவிட்டது.

நான் நடத்தியது மேலாண்மைக் கணக்கியல். அச்சிட்ட கணக்கைத் திரையில் காட்டினால் மாணவரின் கைபேசியில் எண்கள் எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். ஆகவே இரண்டு எவர்சில்வர் டப்பாக்களுக்குக் குறுக்கே மர ஸ்கேலை வைத்து, அதன்மேல் என் கைபேசியைக் கவிழ்த்து, கேமராவுக்குக் கீழே நோட்டில் ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டினேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் ஒரே கைபேசி என்பதால், தம்பி தங்கையின் வகுப்பு முடிந்து அது கைக்கு வரும்போது பார்க்கட்டும் என்று அதே கணக்கைச் சிறு துண்டுகளாகப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். வாயே திறக்காத ஒரு மாணவன் ஒருநாள் சாட்டில், "மேம், தேய்மானத்தை லாபத்துல கழிச்சிட்டு, கேஷ் ஃப்ளோவுல எதுக்குத் திரும்பக் கூட்டுறோம்?" என்று கேட்டான். பணம் வெளியே போகாத செலவு அது என்று விளங்கவைக்க அன்றைய வகுப்பு முழுவதும் போயிற்று. இது கற்பித்தல் இல்லையென்றால் வேறு என்னவென்று அந்த ஐயாதான் சொல்ல வேண்டும்.

"விதியே அப்படித்தானே" என்பார்கள். தெரியும். முனைவர் பட்டத்துக்காகச் செலவான காலத்தை அனுபவமாகக் கணக்கிடக் கூடாது என்றும், விடுப்பு எடுக்காமல் பணியில் இருந்தபடியே ஆய்வு செய்தவர்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை சொல்கிறது. கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 என்று தருகிறார்களே, அந்த மதிப்பெண்ணை நான் கேட்கவேயில்லை. சிரிக்காமல் என் விண்ணப்பத்தில் இருந்த அந்த வரியைப் படித்திருக்கலாம் என்கிறேன். அதே மானியக் குழு 2022-இல், ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் ட்யூட்டோரியல், ஆய்வகம், மதிப்பீடு போன்ற பணிகளைத் தரலாம் என்றும் சொல்லியிருக்கிறது. வேலை வாங்க ஒரு விதி, அதைக் கணக்கில் சேர்க்காமலிருக்க இன்னொரு விதி!

"கரும்பலகைக்கு முன்னால் நிற்பதற்கு ஈடாகுமா?" ஈடு என்று யார் சொன்னது? ஆனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைநிலைக் கல்வியைத் தொடங்கிய மாவட்டத்தில் இருந்துகொண்டு, முகம் பாராமல் பாடம் நடத்த முடியாது என்று பேசுவது வேடிக்கைதான். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் அனுமதி வந்தது. மாணவன் திரையில் படித்தால் கிரெடிட், நாங்கள் திரையில் நடத்தினால் கேலி. வகுப்பே எடுக்காமல் பொய்யாக எழுதிக்கொள்பவர்களும் உண்டே என்றால், நேரடி வகுப்பின் பெயரிலும் பொய்ச் சான்றிதழ் உண்டு, விடுங்கள்.

உண்மையில் எனக்கு வலித்தது நேர்காணலில் அல்ல. அந்தத் தாளை நடத்தியதற்கு ஒரு கடிதம் கேட்டுத் துறை வாசலில் நின்றபோது, "டைம் டேபிளில் உன் பெயர் இல்லையே அம்மா" என்றார்கள். ஆகவே, இப்போது இணையவழி வகுப்பு எடுக்க அழைக்கப்படும் தம்பி தங்கைகளே, எந்தத் தாள், எந்தப் பருவம், எத்தனை மணி நேரம் என்று எழுதி, துறைத்தலைவர் கையொப்பமும் முத்திரையும் வாங்கிய பிறகு முதல் இணைப்பை அனுப்புங்கள். ஆய்வு நெறியாளர் மனம் கோணுவார்தான், கோணட்டும்.

"முதலில் நெட் தேர்வில் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வில்) தேறப் பாருங்கள்" என்று கீழே அறிவுரை சொல்ல வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தேறி நாளாகிறது.