அந்த 18 ரூபாய் யாருக்குப் போனது?

போன மாதம் எங்கள் வீட்டு டிவியில் ஒன்பது நாள் ஒரு பெரிய குழுமத்தின் சேனல் எதுவும் வரவில்லை. முதல் நாள் ராத்திரி அம்மா வயரைப் பிடுங்கி, முனையை முந்தானையில் துடைத்து, மறுபடி சொருகிப் பார்த்திருக்கிறார். பாக்ஸை இரண்டு தட்டு தட்டியிருக்கிறார். திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி அப்படியே நின்றிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பாக்ஸ் போய்விட்டது, புதுசுக்கு எவ்வளவு கேட்பார்களோ என்று விடியும்வரை தூங்கவில்லை.

நாங்கள் இருப்பது சேலம் செவ்வாய்ப்பேட்டை. அம்மா வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை கோர்க்கிறார். கண் வெள்ளியில் இருக்கும், காது சீரியலில் இருக்கும். பதினைந்து வருஷமாக அந்தச் சத்தத்தோடுதான் அவருக்கு வேலை ஓடுகிறது. "அது இல்லாம கை நகர மாட்டேங்குது கண்ணு" என்றார். இதைப் பொழுதுபோக்கு என்று ஒரு வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

காலையில் கேபிள் அண்ணா வந்தார். அதற்குள் தெருவில் நாலு பேர் அவரைப் பிடித்துக் கத்தியிருந்தார்கள். "நான் என்னங்க பண்ணட்டும், மேலேயே கட் பண்ணிட்டாங்க. விலை ஏத்தி ஒப்பந்தம் போடச் சொல்றாங்களாம், எங்க கம்பெனி கையெழுத்துப் போடலையாம்." ராத்திரி மழையில் கம்பம் ஏறி வயர் இழுக்கிற மனுஷன். அந்த ஒப்பந்தத்தை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் திட்டு முழுக்க அவருக்கு.

இது புதுசும் இல்லை. 2018 அக்டோபரில் டாடா ஸ்கை என்ற டிஷ் நிறுவனத்துக்கும் சோனிக்கும் தகராறு வந்து, அந்த டிஷ் வைத்திருந்தவர்கள் சேனல்களை இழந்தார்கள். 2023 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண விதிப்படி ஒப்பந்தம் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றுமே சிக்னலை நிறுத்தின. டெல்லியில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்ட் நடந்துகொண்டிருந்த நேரம் அது. நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. சில நாளில் சமரசமாகிச் சேனல்கள் திரும்பின.

இரண்டு தரப்புக்கும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நிகழ்ச்சி எடுக்கவும் கிரிக்கெட் உரிமை வாங்கவும் கோடிக்கணக்கில் போடுகிறவர்கள் விலை கேட்பார்கள். விலை ஏறினால் வாடிக்கையாளர் இணைப்பையே துண்டித்துவிடுவார் என்று கேபிள்காரர்கள் பயப்படுவார்கள். பேசட்டும். தொலைத்தொடர்பு, ஒளிபரப்புத் தகராறுகளை விசாரிக்க டிடிசாட் என்று ஒரு தீர்ப்பாயமே இருக்கிறது, அங்கே போகட்டும். ஆனால் பேச்சு முடியும்வரை சிக்னலை ஏன் பிடுங்க வேண்டும்? நாங்கள் மாசப் பணத்தை முன்கூட்டியே கட்டியவர்கள்.

2019 பிப்ரவரியில் புதுக் கட்டண முறை வந்தபோது "பிடித்த சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள்" என்றார்கள். அப்போது 100 சேனலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனலுக்குத் தனிக் காசு. பேக்கில் போடுகிற சேனலின் விலை உச்சபட்சம் 19 ரூபாய், அதில் விநியோகிக்கும் கேபிள், டிஷ் நிறுவனத்துக்குக் குறைந்தது 20 சதவீதம். 19 ரூபாயில் யாருக்கு 3 ரூபாய் 80 காசு என்பதுவரை கணக்கு எழுதிவைத்தவர்கள், காசு கட்டியவர் டிவியில் சேனல் நின்றால் அந்தக் காசு தானாகத் திரும்ப வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டாமா? எங்கள் வீட்டில் அந்தக் குழுமத்தின் பேக் மாசம் 60 ரூபாய். ஒன்பது நாளுக்கு 18 ரூபாய். அண்ணாவின் லைனில் 300 வீடு, 5400 ரூபாய். ஒரே ஒரு கேபிள்காரரின் லைனில் மட்டுமே இவ்வளவு.

"பிடிக்கலைன்னா வேற கம்பெனிக்கு மாறுங்க" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நாகலூரில் காபித் தோட்ட வேலைக்குப் போகிற என் சித்தியிடம் வந்து இதைச் சொல்லட்டும். ஏற்காட்டைத் தாண்டி அவர் இருக்கிற இடத்துக்குக் கேபிள் வராது. மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் வானம் தெரிகிற ஒரே மூலையில்தான் டிஷ் நிற்கிறது. ஒரு கம்பெனி பாக்ஸ் இன்னொன்றுக்கு ஒத்துவராது. மாறினால் டிஷ், பாக்ஸ், ஆள்கூலி எல்லாம் முதலிலிருந்து. எந்த பாக்ஸும் எல்லா நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலிலேயே பரிந்துரை செய்தது. சித்தி வீட்டுக்கு அது வந்து சேரவில்லை. போனில் பார்க்கலாமே என்பவர்களுக்கு: பனி இறங்கினால் அங்கே போன் பேசவே வாசலுக்கு வர வேண்டும்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. வழக்கு முடியும்வரை பழைய விலையிலேயே சிக்னல் ஓடட்டும், பாக்கியைப் பிறகு தீர்த்துக்கொள்ளட்டும். நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் திரையில் தமிழில் காரணம் சொல்லட்டும், அம்மா பாக்ஸைத் தட்டிக்கொண்டு உட்காராமல் இருப்பார். நின்ற நாளுக்கான காசு அடுத்த மாசக் கணக்கில் தானாகக் கழியட்டும்.

பத்தாம் நாள் சேனல் வந்துவிட்டது. இந்த மாதம் வசூலுக்கு வந்த அண்ணா, அம்மாவிடம் 20 ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். கம்பெனி கொடுத்ததா என்று கேட்டேன். இல்லை, அவர் பங்கிலிருந்து. அம்மா முழுப் பணத்தையும் அவர் கையில் வைத்து, மோரும் கொடுத்து அனுப்பினார்.