அது சிறுத்தைக் குட்டி அன்று

கொழும்புப் புறநகர்ச் சதுப்பு நிலங்களில் புள்ளி போட்ட விலங்கொன்று படம்பிடிக்கப்படும் போதெல்லாம், "சிறுத்தைக் குட்டி வந்துவிட்டது, தாய் அருகில்தான் இருக்கும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவுவது வழக்கம். அது தவறு. அப்படங்களில் பெரும்பாலும் காணப்படுவது முழு வளர்ச்சியடைந்த மீன்பிடிப் பூனையே. சிங்களத்தில் இதனை 'ஹந்துன் திவியா' என்பர். திவியா என்றாலே சிறுத்தை என்பதால், குழப்பம் பெயரிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

படத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். சிறுத்தையின் உடலில் ரோஜாப்பூ வடிவில் வளையங்கள் இருக்க, இதன் சாம்பல் பழுப்பு நிற உடலில் வரிசையாகச் சிறு கரும்புள்ளிகளும், நெற்றியிலிருந்து பிடரி வரை ஓடும் கோடுகளும் உள்ளன. வால் கட்டையானது. விரல்களுக்கிடையே ஓரளவு சவ்வு உண்டு. இரட்டை அடுக்கு உரோமத்தின் உள்ளடுக்கு அடர்த்தியாக இருப்பதால், நீரில் மூழ்கி மீன் பிடித்தாலும் தோல் எளிதில் நனைவதில்லை.

இவ்வதந்தியால் ஆபத்து பூனைக்குத்தான். சதுப்பு நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்படுவதாலும், சாலைகளில் வாகனங்கள் மோதுவதாலும் ஏற்கெனவே அருகிவரும் இவ்வினம், குட்டிச் சிறுத்தை என்ற அச்சத்தில் அடித்துக் கொல்லப்படவும் கூடும். உலக அளவில் 2016 முதல் இது அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. இலங்கையில் இதனைக் கொல்வதும் பிடிப்பதும் சட்டப்படி குற்றம்.