எல்லாருக்கும் ரொக்கம், எனக்கு மட்டும் பாக்கி

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறேன் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் என்னமோ பெரிய முதலாளி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு பத்து சக்கர வண்டி. ஓனரும் நான், டிரைவரும் நான், தார்ப்பாய் கட்டுகிற கிளீனரும் நானேதான். மூன்று நாளாக ஒரு கோழித்தீவன ஆலை வாசலில் மக்காச்சோள லோடோடு நிற்கிறேன். வீடு இங்கிருந்து 12 கிலோமீட்டர். போக முடியாது, வரிசை நகரும்போது வண்டியை எடுக்கவில்லை என்றால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான். சொந்த ஊரிலேயே கேபினில் படுத்துக் கொசுக்கடி வாங்குகிறவன் எவனாவது உண்டா?

போகும்போது சேலத்து ஜவ்வரிசி, இந்தூர் வரைக்கும், 1,600 கிலோமீட்டருக்கு மேல். லோடோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிய விஷயம், 90 ரூபாய் என்று கணக்குப் போட்டாலே டீசலுக்கு மட்டும் 36,000. லிட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் மிஞ்சுமே என்று அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகத்துக்குள் போய் டேங்க் நிரப்புகிற பிழைப்பு எங்களுடையது. பங்கில் கடன் கிடையாது. டோலில் கேட்கவே வேண்டாம், 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதிலிருந்து கேட் திறக்கும் முன்னாடியே காசு போய்விடுகிறது. டயர், இன்சூரன்ஸ், வண்டி தகுதிச் சான்றான எஃப்சி, ஏற்று கூலி, இறக்கு கூலி, மாமூல் எல்லாம் கையில் காசு. ஃபைனான்ஸ் டியூ ஒரு நாள் தள்ளினால் மறுநாள் காலை ஏழு மணிக்கே போன்.

எனக்கு வரவேண்டியது மட்டும் பாக்கி. லோடு ஏற்பாடு செய்கிற புக்கிங்காரர் அட்வான்ஸ் எண்ணிக் கொடுக்கும்போதே கமிஷனைப் பிடித்துக்கொள்கிறார். மீதி வாடகையைக் கேட்டால், இறக்கிக் கையெழுத்து வாங்கின பில் வரட்டும் தம்பி என்கிறார், பில்லைக் கொடுத்தால் பார்ட்டி இன்னும் பணம் போடவில்லை என்கிறார், அப்புறம் போனையே எடுப்பதில்லை, இரண்டு மாதம் ஓடிவிடுகிறது. அடுத்த டிரிப்புக்கு டீசல் போட நான் வட்டிக்கு வாங்குகிறேன். என் காசு அவர்களிடம் வட்டியில்லாமல் கிடக்கிறது.

சரக்கோடு கொண்டுபோக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று எனக்குக் கெடு வைத்திருக்கிறார்கள். பஞ்சராகி நின்றாலும் நான்தான் புலம்பிக்கொண்டு ஓட வேண்டும். சரி, சரக்கு வந்து சேர்ந்த பிறகு எத்தனை நாளில் இறக்க வேண்டும் என்று ஆலைக்காரருக்கு ஏதாவது கெடு உண்டா? காத்துக் கிடக்கிற நாளுக்கான காசு, ஹால்டிங், கேட்டேன். “அதெல்லாம் புக்கிங்காரர்கிட்ட பேசிக்கங்கண்ணா” என்றான் கேட்டில் இருக்கிற பையன். புக்கிங்காரரிடம் கேட்டால் ஆலையில் வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்.

வயிறு எரிவது இதற்குத்தான். நேற்று எனக்கு முன்னால் இறக்கின அண்ணனுக்கு எடைமேடையில் 90 கிலோ குறைவு. இந்த வெயிலில் நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் சோளத்தில் இருக்கிற ஈரம் காயாமல் என்ன செய்யும்? அவரும் அதைத்தான் கேட்டார். “சார்ட்டேஜ்னா வண்டிக்காரர் பொறுப்புதானுங்க” என்று தலையை நிமிர்த்தாமலே 90 கிலோவுக்கான காசை வாடகையில் கழித்து பில்லில் எழுதினார் கிளார்க். வாடகையைக் கொடுக்க இரண்டு மாதம் ஆகும், கழிப்பதற்கு மட்டும் இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது வண்டி. பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடிக்கிறான், எடுக்கணும்.